வேலையில் இருந்தவர் இறந்துவிட்டால்: பி.எஃப்., காப்பீடு, பென்ஷன், கிராஜுவிட்டி வாங்குவது எப்படி?

2024 ஜூனில், மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன வாரத்தில் என் மச்சான் இறந்துபோனார். மண்டபம் பக்கம் ஒரு இறால் பதனிடும் கம்பெனியில் குளிர்பதன மெஷின் ஆபரேட்டர். பதினோரு வருட சர்வீஸ், வயது 41, நெஞ்சுவலி. தங்கச்சிமடத்தில் அக்காவும் மூன்று பிள்ளைகளும் மச்சானின் அம்மாவும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். ஒரு கவரில் 25,000 ரூபாய் கொடுத்து, "எங்களால ஆனது இவ்வளவுதான்மா" என்றார். அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் பொய் சொல்லவில்லை. கம்பெனி தன் பையிலிருந்து கொடுத்தது அவ்வளவுதான். ஆனால் அந்தக் குடும்பத்துக்குச் சட்டப்படி வரவேண்டியது எட்டு லட்சத்துக்கும் மேல் இருந்தது. அதை யாரும் வீடு தேடி வந்து சொல்லவில்லை. வாங்கி முடிக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் முழுக்க எங்கள் அறியாமையால் போனது. அந்த மூன்று மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சம்பளத்தில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தவர்களின் குடும்பத்துக்கானது இது. படகில் போனவர்களுக்கும் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கும் வழி வேறு. ஒன்பதாவது பகுதியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1. முதலில் சம்பளச் சீட்டைத் தேடுங்கள்

பீரோ, டிரங்குப் பெட்டி, அவர் போட்டிருந்த சட்டைப் பை வரை பாருங்கள். வேண்டியது ஏதாவது ஒரு மாதத்தின் சம்பளச் சீட்டு. அதில் யு.ஏ.என். என்ற 12 இலக்க பி.எஃப். எண் இருக்கும். பி.எஃப். பிடித்தம், ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம், அடிப்படைச் சம்பளம் எல்லாம் அதிலேயே தெரியும். சீட்டு இல்லையென்றால் அவர் போனில் பி.எஃப். குறுஞ்செய்தி வந்திருக்கும், அதில் எண் இருக்கும். எதுவும் இல்லையா, கம்பெனியில் கேளுங்கள்.

அவருடைய சிம்மை உடனே நிறுத்த வேண்டாம். வங்கி, எல்.ஐ.சி., பிடித்தம் போகிற காப்பீடுகள் எல்லாம் அந்த எண்ணுக்கு வரும் செய்திகளில்தான் தெரியவரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ரீசார்ஜ் செய்து வையுங்கள்.

ஆனால் அந்தப் போனை வைத்து ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. எங்கள் தெருப் பையன் ஒருவன் நல்ல மனதோடுதான் சொன்னான்: "மச்சான் லாகின்ல போயி, ஓ.டி.பி. வாங்கி, வேலையை விட்ட மாதிரி பணத்தை எடுத்துரலாம், பத்து நாள்ல வந்துரும்." வரலாம். இறந்தவர் பெயரில் அவரே விண்ணப்பித்தது போலப் போடுவது முதலில் குற்றம். அதோடு வேலையை விட்டவர் கணக்காக அது முடிந்துபோனால், பி.எஃப்.போடு சேர்ந்த காப்பீடும் பென்ஷனும் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். இரண்டு லட்சத்துக்கு அவசரப்பட்டு ஆறு லட்சத்தைத் தொலைக்கிற வேலை.

2. இறப்புச் சான்றிதழ்: இறந்த ஊரில்தான் பதிவு

நாங்கள் நேராக எங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம் போனோம். அவர் திருப்பி அனுப்பினார். வீட்டில் இறந்திருந்தால்தான் அங்கே. மச்சான் இறந்தது ராமநாதபுரத்தில் ஒரு மருத்துவமனையில். ஆகவே பதிவும் அங்கேதான். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு மாதமும் தாண்டினால் அதிகாரியின் அனுமதி என்று வேலை கூடும்.

பதிவதற்கு முன் பெயரைப் பாருங்கள். கண்ணீரோடு நிற்கும் நேரத்தில் மருத்துவமனையில் யாரோ கேட்க, யாரோ சொல்ல, யாரோ எழுதியிருப்பார்கள். மச்சானின் ஆதாரில் அப்பா பெயர் முழுதாக முன்னால் இருந்தது, மருத்துவமனைக் காகிதத்தில் வெறும் இனிஷியல், பி.எஃப்.பில் இனிஷியல் பின்னால். ஆங்கில எழுத்தும் மூன்று விதம். நம் ஊரில் இனிஷியல்தான் பாதிப் பேரை அலைய வைக்கிறது. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே இறப்புப் பதிவில் வரட்டும். பதிந்தபின் திருத்துவது தனி அலைச்சல்.

சான்றிதழைத் தமிழக அரசின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்திலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பத்துப் பிரதி எடுத்து வைத்தோம், பத்தும் செலவாயின.

3. வாரிசுச் சான்றிதழுக்கு அன்றே விண்ணப்பியுங்கள்

எல்லா வேலையிலும் அதிக நாள் இழுப்பது இதுதான். ஆகவே இறப்புச் சான்றிதழ் கையில் கிடைத்த அன்றே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். கட்டணம் 60 ரூபாய். இறந்தவர் ஆதார், வாரிசுகள் அனைவரின் ஆதார், ரேஷன் அட்டை, இறப்புச் சான்றிதழ் வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) விசாரணை முடிந்து தாசில்தார் ஒப்புதலோடு வரும். எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. விசாரணைக்கு யாராவது வருவார்கள் என்று வீட்டில் காத்திருந்ததில் இரண்டு வாரம் வீண். விண்ணப்ப எண்ணோடு நீங்களே வி.ஏ.ஓ.வைப் போய்ப் பாருங்கள்.

இறந்தவரின் தாய் உயிரோடு இருந்தால் அவரும் வாரிசு. விட்டுவிட்டுப் போட்டால் விண்ணப்பம் திரும்பும். அதைவிட மோசம், குடும்பத்துக்குள் மனக்கசப்பு.

4. கம்பெனியில் ஒரு வார்த்தையைச் சரிபாருங்கள்

எங்கள் மூன்று மாதத்தை விழுங்கியது இந்த இடம்தான்.

ஒருவர் வேலையிலிருந்து நின்றால், கம்பெனி பி.எஃப். தளத்தில் இரண்டு விவரம் ஏற்ற வேண்டும்: எந்தத் தேதியில் நின்றார், ஏன் நின்றார். காரணத்துக்கு ஒரு பட்டியல் வரும். ஓய்வு, ராஜினாமா போன்ற விலகல், பணியில் இருக்கும்போது இறப்பு என்று. தடைக்காலம் முடிந்த கையோடு ஆலைக்கு இறால் வந்து குவியும் நேரம் அது. கணக்கு எழுதுகிறவருக்குத் தலை நிமிர நேரமில்லை. அவர் சாதாரண விலகல் என்று போட்டுவிட்டார். தேதியும் மச்சான் கடைசியாக வேலைக்கு வந்த நாள். அதற்கப்புறம் ஒன்பது நாள் அவர் மருத்துவ விடுப்பில் இருந்து இறந்தார். ஆக, காகிதத்தின்படி மச்சான் வேலையை விட்டு ஒன்பது நாள் கழித்து இறந்திருக்கிறார்!

காப்பீடு என்பது பணியில் இருக்கும்போது இறந்தவருக்கு. ஆகவே கிளெய்ம் திரும்பி வந்தது. திருத்தம் கோரி, கம்பெனி கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, வருகைப் பதிவேட்டு நகலும் விடுப்புக் கடிதமும் வைத்து மறுபடி அனுப்பி, அது ஏறுவதற்குள் தீபாவளி வந்துவிட்டது.

ஆகவே நீங்கள் முதல் மாதத்திலேயே கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாயால் சொல்வது நிற்காது. இறந்த தேதியைச் சொல்லி, "பணியில் இருக்கும்போது இறப்பு" என்றே பதியும்படியும், கடைசி மாத பி.எஃப். சந்தாவையும் கட்டும்படியும் கேளுங்கள். இறப்புச் சான்றிதழ் நகலை இணையுங்கள். ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதிந்தபின் திரையை ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்படாதீர்கள்.

பெயர், பிறந்த தேதி பிழைகளுக்கும் இப்போதே திருத்தம் போடலாம். இறந்தவர் சார்பில் குடும்பத்தினர் கம்பெனி வழியாக விண்ணப்பிக்க இடமுண்டு. அவர் கணக்கில் ஆதார் இணைக்கப்படாமலே இருந்திருந்தாலும் பயப்பட வேண்டாம், காகித விண்ணப்பம் வழியாகத் தீர்க்கலாம்.

5. நாமினி யார் என்பதில் பெரிய குழப்பம் இருக்கும்

மச்சான் வேலைக்குச் சேர்ந்தபோது கல்யாணம் ஆகவில்லை. அம்மா பெயரை எழுதியிருந்தார். அப்புறம் மாற்றவே இல்லை. எங்கள் வீட்டில் பேச்சு சூடானது இதில்தான். "அம்மா பேருதானே இருக்கு, முழுப் பணமும் அவுகளுக்குத்தான்" என்றார் ஒரு பெரியப்பா. "பொண்டாட்டி பிள்ளைக்குத்தான் எல்லாம்" என்றது எங்கள் பக்கம். இரண்டுமே தப்பு.

பி.எஃப். விதிப்படி, குடும்பம் அமைவதற்கு முன் எழுதிய நாமினி நியமனம் கல்யாணத்தோடு செல்லாமல் போகிறது. செல்லும் நியமனம் இல்லையென்றால் பி.எஃப். பணமும் காப்பீடும் குடும்பத்தினருக்குச் சம பங்கு. மனைவி, பிள்ளைகள், அவரை நம்பி இருந்த பெற்றோர் எல்லாரும் அதில் உண்டு. வயது வந்த மகன்களும், கணவர் உயிரோடு இருக்கும் கல்யாணமான மகள்களும் சேர மாட்டார்கள். மச்சானுக்கு மூன்று பிள்ளைகளும் மைனர். ஆக ஐந்து பங்கு. மைனர்களின் பங்கை அம்மாவே காப்பாளராக வாங்கலாம், கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை.

பென்ஷன் அப்படியில்லை. அது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும்தான். மனைவி இருக்கையில் தாய்க்குப் போகாது. இந்த இரண்டையும் ஒரு நோட்டுத் தாளில் எழுதி அத்தையிடமும் (மச்சானின் அம்மா) பெரியப்பாவிடமும் காட்டிய பிறகுதான் வீடு அடங்கியது. "எனக்கு ஒரு பங்கு வந்தா பேத்தி பேருலயே போட்ருங்கப்பா" என்று அத்தை சொன்னார். அது வேறு கதை.

இதைப் படிக்கிறவர் இப்போது வேலையில் இருந்தால், பி.எஃப். தளத்தில் இ-நாமினேஷன் போடுங்கள். கால் மணி நேர வேலை, காசு இல்லை. அது இருந்தால் குடும்பத்தினர் தங்கள் ஆதாரோடு இணைந்த போனிலிருந்தே இணையத்தில் கிளெய்ம் போடலாம். மூன்றாம் பகுதியின் அலைச்சல் பி.எஃப்.புக்குத் தேவைப்படாது.

6. பி.எஃப். விண்ணப்பம்: ஒரே படிவம், மூன்று பணம்

முன்பு பி.எஃப்.புக்கு ஒன்று, பென்ஷனுக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று என்று தனித்தனிப் படிவம். இப்போது இறப்புக்கான கூட்டுப் படிவம் ஒன்றே போதும். ஆனால் அதில் மூன்றுக்கும் டிக் அடிக்க வேண்டும். பி.எஃப்.புக்கு மட்டும் அடித்துவிட்டு மற்ற இரண்டும் தானாக வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்த ஒரு குடும்பத்தை ராமநாதபுரத்தில் சந்தித்தேன்.

கூட எடுத்துப்போக வேண்டியவை: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பங்கு உள்ள ஒவ்வொருவரின் ஆதார், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், ஒவ்வொருவருக்கும் பெயர் அச்சிட்ட கேன்சல் செக் அல்லது பாஸ்புக் முதல் பக்கம். பங்குதாரர்கள் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் எல்லாருக்குமாக வாங்க முடியாது.

பாஸ்புக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. அத்தையின் கணக்கு பாண்டியன் கிராம வங்கியில் தொடங்கியது. அந்த வங்கி 2019-ல் தமிழ்நாடு கிராம வங்கியாகிவிட்டது. பழைய பாஸ்புக்கில் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண். நம் கடற்கரை ஊர்களில் இந்தப் பாஸ்புக் வைத்திருக்கும் வயதானவர்கள் நிறைய. முதலில் வங்கிக்குப் போய்ப் புதுப் புத்தகம் வாங்கி, ஆதாரையும் இணைத்துவிட்டு வாருங்கள்.

படிவத்தில் கம்பெனி கையெழுத்து வேண்டும். கம்பெனி மூடிவிட்டாலோ போட மறுத்தாலோ வங்கி மேலாளர், போஸ்ட் மாஸ்டர், கெஜட்டட் அதிகாரி போன்றவர்களின் சான்றொப்பம் எடுபடும்.

நம் மாவட்டக் கம்பெனிகளுக்குப் பி.எஃப். அலுவலகம் மதுரை சொக்கிகுளத்தில். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்தவர் என்றால் அந்த ஊர் அலுவலகம்தான். வீடு எங்கே என்பது கணக்கில்லை. நாங்கள் போன காலத்தில் பாம்பன் பழைய ரயில் பாலம் மூடியிருந்தது, புதுப்பாலம் திறக்கவில்லை. தீவிலிருந்து மதுரைக்குப் போக வர பஸ்ஸிலேயே ஒரு நாள் முழுக்கப் போனது. முதல் தடவை ஒரு ஜெராக்ஸ் குறைந்ததற்காக இன்னொரு நாள். பிறகுதான் தெரிந்தது: ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பி.எஃப். முகாம் நடக்கிறது, 'நிதி ஆப்கே நிகட்' என்று பெயர். அன்று விடுமுறையென்றால் அடுத்த வேலை நாள். இடத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, காகிதங்களை அங்கே காட்டிச் சரிபார்த்துக்கொண்டு, அப்புறம் மதுரைக்குப் போங்கள். தொலைபேசியில் கேட்க 14470.

குறையில்லாத விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்து 20 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. தாண்டினால் பி.எஃப். குறைதீர் இணையதளத்தில் புகார் பதியுங்கள். பதில் வருகிறது, நான் பார்த்திருக்கிறேன்.

இதில் எங்கேயும் கட்டணம் கிடையாது. "நூத்துக்குப் பத்து கொடுங்க, முடிச்சுத் தர்றோம்" என்று வருகிறவர்களுக்கு எட்டு லட்சத்தில் 80,000 ரூபாய் போகும். எங்களுக்கு பஸ், ஜெராக்ஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் முடிந்தது.

7. எவ்வளவு வரும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

காப்பீட்டுக்கு இ.டி.எல்.ஐ. என்று பெயர். இதற்குத் தொழிலாளி சம்பளத்தில் பிடிப்பதில்லை, கம்பெனி கட்டுகிறது. அதனால்தான் பலருக்கு இருப்பதே தெரியாது. கணக்கு இது: கடைசி 12 மாதச் சராசரிச் சம்பளத்தை 35-ஆல் பெருக்குங்கள். சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள். அதோடு அந்த 12 மாதச் சராசரி பி.எஃப். இருப்பில் பாதியைக் கூட்டுங்கள். இந்தப் பாதி 1.75 லட்சத்துக்கு மேல் போகாது. மொத்தம் அதிகபட்சம் 7 லட்சம்.

மச்சானுக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் 14,000. அதை 35-ஆல் பெருக்கினால் 4,90,000. சராசரி இருப்பு 1,90,000, அதில் பாதி 95,000. ஆக 5,85,000 ரூபாய். ஐந்து பேருக்கு ஆளுக்கு 1,17,000.

பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அது உயிரோடு ஓய்வு பெறுகிறவருக்கு. பணியில் இறந்தவருக்கு ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும். மனைவிக்குக் குறைந்தது மாதம் 1,000. சம்பளத்தைப் பொறுத்துக் கூடும். பிள்ளைகளுக்கு 25 வயது வரை, ஒவ்வொருவருக்கும் மனைவி பென்ஷனில் கால் பங்கு. ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத்தான். மனைவி மறுமணம் செய்தால் அவர் பென்ஷன் நிற்கும், பிள்ளைகளுக்கு அனாதைப் பென்ஷனாகக் கூடும். பெரிய தொகை இல்லைதான். ஆனாலும் மாதா மாதம் அக்கா கணக்கில் விழுகிறது.

8. கிராஜுவிட்டியைக் கம்பெனியிடம் தனியாகக் கேளுங்கள்

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடம் என்றால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை, உண்டு. இதற்குப் பி.எஃப். அலுவலகத்தோடு சம்பந்தமில்லை, கம்பெனியே தர வேண்டும். ஐந்து வருடம் முடிக்கவில்லை என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இறப்புக்கு அந்த நிபந்தனை கிடையாது. கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, சர்வீஸ் வருடத்தால் பெருக்குங்கள். மச்சானுக்கு 88,846 ரூபாய் வந்தது. எழுத்தில் கேட்டு 30 நாளுக்குள் வரவில்லையென்றால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம். எங்கள் கம்பெனி, மனுவின் நகலைக் காட்டியதும் கொடுத்துவிட்டது.

அந்த 25,000 கவர் ஞாபகமிருக்கிறதா? அதற்கு ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கிராஜுவிட்டி கேட்டபோது "முன்பணமாகக் கொடுத்தோமே" என்றார்கள். அந்தத் தாளில் உதவித்தொகை என்று எழுதியிருந்ததால் தப்பித்தோம். துக்க வீட்டில் நீட்டப்படும் எந்தத் தாளிலும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

9. மறந்துபோகும் மற்றவை

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் இறுதிச் சடங்குச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை உண்டு. மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். நாங்கள் நான்காம் மாதம்தான் கேள்விப்பட்டோம்.

வேலையால் நேர்ந்த விபத்தில் இறந்திருந்தால் கதையே வேறு. ஈ.எஸ்.ஐ. இருந்தால் அதிலிருந்து குடும்பத்துக்கு மாதாமாதம் சார்ந்தோர் உதவி உண்டு. இல்லாவிட்டால் கம்பெனி இழப்பீடு தர வேண்டும்; அதைத் தொழிலாளர் துறை அதிகாரியிடம் கட்ட வேண்டும். வீட்டில் வந்து பேசி முடித்துக் கையில் கொடுப்பது சட்டப்படி இழப்பீடு ஆகாது.

அவருடைய வங்கிப் பாஸ்புக்கை வரி வரியாகப் பாருங்கள். மே கடைசியில் 436 ரூபாய் கழிந்திருந்தால் அது ஆயுள் காப்பீடு, எப்படி இறந்தாலும் 2 லட்சம். 20 ரூபாய் கழிந்திருந்தால் விபத்துக் காப்பீடு, அதுவும் 2 லட்சம். மச்சானுக்கு 20 ரூபாய் மட்டும் கழிந்திருந்தது. நெஞ்சுவலிக்கு அது வரவில்லை.

கடல் தொழிலாளர் என்றால் மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போங்கள். மீனவர் குழு விபத்துக் காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 5 லட்சம். வளைகுடாவுக்குக் குடியேற்ற அனுமதி (எமிகிரேஷன் கிளியரன்ஸ்) பெற்றுப் போனவர் என்றால், அவர் போகும்போது எடுத்த பிரவாசி காப்பீட்டில் விபத்து மரணத்துக்கு 10 லட்சம்.

10. பென்ஷன் தொடங்கிய பிறகு

வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ் சான்று கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். இ-சேவை மையத்தில் விரல் வைத்துப் பதியலாம். அக்கா சின்ன வயதிலிருந்து பாசி எடுக்கப் போனவள், பாறையில் தேய்ந்து ரேகையே இல்லை. ஐந்து விரலும் வைத்துப் பார்த்து மெஷின் ஏற்கவில்லை. மையத்துக்காரர் கைவிரித்துவிட்டார். போன் கேமராவில் முகத்தைக் காட்டிப் பதியும் வழி இருக்கிறது என்பதை நாங்களே கண்டுபிடித்தோம். வெளிச்சத்தில் நின்று, கண்ணைச் சிமிட்டினால் முடிந்தது. உங்கள் வீட்டிலும் பாசி எடுத்த கை, ஓலை முடைந்த கை, இறால் உரித்த கை இருந்தால் நேராக அதற்கே போங்கள்.

மூத்தவனுக்கு 25 முடிகிற மாதத்தில்தான் மூன்றாவது பிள்ளையின் முறை வரும். அந்தத் தேதியைப் பென்ஷன் உத்தரவின் ஜெராக்ஸ் மேலேயே சிவப்பு மையில் எழுதி, அக்கா வீட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறோம்.